ஊசி போகும் வழியைக் காட்டும் கண்ணாடி: அத்தையின் சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போடலாமா?

தாராவி செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். என் அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஊர் நாங்குநேரிப் பக்கம். இப்போது மும்பையில் எங்கள் வீட்டில் தங்கி பரேலில் வைத்தியம் பார்க்கிறார். வெளியிலிருந்து கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பது 25 தடவை, அது இந்த வாரத்தோடு முடிகிறது. கூடவே வாரம் ஒரு கீமோ. அடுத்தது உள்ளே வைத்துத் தரும் கதிர்வீச்சு, பிராக்கிதெரபி. கட்டி ஒரு பக்கமாகப் படர்ந்திருப்பதால் குழாய் மட்டும் போதாது, ஊசிகளும் செலுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். டாக்டர் தலையில் பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறார். ஊசி போக வேண்டிய வழி நோயாளியின் உடம்பு மேலேயே பச்சைக் கோடாகத் தெரிகிறது. மிக்ஸ்ட் ரியாலிட்டி என்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு மாதத்தில் இது வரப்போகிறதாம், அதுவரை பொறுத்தால் நல்லது என்பது மச்சான் கட்சி. "ஊசி தப்பா எறங்கிட்டா என்னய்யா பண்றது" என்று அத்தையும் அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காத்திருக்கலாமா?

வேணு, அணுசக்தி நகர்

செல்வம், காத்திருக்க வேண்டாம். கொடுத்த தேதியில் அத்தையை அழைத்துப் போங்கள்.

நான் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். பிராக்கிதெரபிக்குக் கணக்குப் போடுவதுதான் என் அன்றாட வேலை. இந்த நோய்க்கு முதல் கரண்ட்டிலிருந்து கடைசி பிராக்கிதெரபி வரை எல்லாமே 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால், தப்பிப் பிழைத்த செல்கள் மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். பல நாட்டு மருத்துவமனைகளின் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ரெட்ரோ எம்பிரேஸ் ஆய்வில், மொத்த சிகிச்சைக் காலம் ஒரு வாரம் நீண்டால் கட்டிக்குப் போகும் கதிர் அளவில் 5 கிரே (கிரே என்பது அந்த அளவின் அலகு) குறைந்ததற்குச் சமம் என்று வந்தது. கட்டி முழுக்க 85 கிரேயைத் தாண்ட வேண்டும் என்று பாடுபடுகிறோம். அதில் 5 கிரே என்பது பெரிய தொகை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் இதுவரை வைத்த கரண்ட்டின் பலனே கரைந்துபோகும்.

ஊசி தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று அத்தை கேட்பது சரியான கேள்வி. கதிர் தரும் மூலம் இரிடியம்-192. ஒரு மி.மீ.க்கும் குறைந்த தடிமன், சுமார் 5 மி.மீ. நீளம். மெல்லிய கம்பி முனையில் ஒட்டவைத்தது. மெஷின் அதை ஒவ்வொரு ஊசிக்குள்ளும் அனுப்பி, அங்கங்கே சில விநாடி நிறுத்தித் திருப்பி இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பதற்கு நிறையப் போகும், தள்ளி இருப்பதற்குச் சட்டென்று குறையும். தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். ஒரு செ.மீ. தள்ளி இருக்கும் இடம் 3 மி.மீ. விலகிப்போனால், அந்த நிறுத்தத்திலிருந்து அதற்குக் கிடைப்பது 100க்கு 59தான். அதே 3 மி.மீ. மலக்குடலை நெருங்கிவிட்டால் அங்கே இரண்டு மடங்கு. பல ஊசி, பல நிறுத்தம் என்று சேரும்போது இந்த வித்தியாசம் கொஞ்சம் தணியும். ஆனாலும் மில்லிமீட்டருக்கு மரியாதை உள்ள தொழில் இது.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். ஊசி வைத்தவுடன் கதிர் கொடுத்துவிட மாட்டார்கள். ஊசிகள் உள்ளே இருக்கும்போதே சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒவ்வொன்றும் நிஜமாக எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். ஓர் ஊசி குடலை ஒட்டி இறங்கியிருந்தால் அதற்குள் மூலத்தை நிறுத்தவே மாட்டோம். எங்களால் செய்ய முடியாதது ஒன்றுதான். ஊசியே இல்லாத மூலைக்குத் தூரத்திலிருந்து அளவைக் கூட்ட முடியாது. கூட்டினால் நடுவில் இருக்கும் நல்ல உறுப்பு அதை வாங்கிக்கொள்ளும். ஊசி சரியான இடத்தில் இறங்குவதற்கு நாங்கள் இவ்வளவு கவலைப்படுவது அதனால்தான். அந்தக் கண்ணாடி உதவ வருவதும் அங்கேதான்.

ஐரோலி பிரபு

வேணு சார் மருத்துவப் பக்கம் சொல்லிவிட்டார். கண்ணாடிப் பக்கம் நான் சொல்கிறேன். ஹோலோலென்ஸ் என்பது மைக்ரோசாஃப்டின் இந்த மாதிரிக் கண்ணாடி. தொழிற்சாலைப் பராமரிப்புக்கு அதில் ஓடும் செயலி எழுதும் வேலை எனக்கு.

செல்வம் அண்ணே, வீடியோவில் தெரியும் பச்சைக் கோடு நோயாளிக்குள்ளிருந்து வரவில்லை. முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி.யிலிருந்து கட்டி, சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றுக்கும் முப்பரிமாண உருவம் செய்து, ஊசிக்கு வழி வரைந்து, அதைக் கண்ணாடிக்குள் ஏற்றுகிறார்கள். அப்புறம் நோயாளியின் உடம்போடு அந்தப் படத்தைப் பொருத்த வேண்டும். உடம்பிலோ, ஊசி செலுத்தத் துளை போட்ட பலகையிலோ ஒட்டிய குறியைக் கண்ணாடியின் கேமரா பார்த்து, "பலகை இங்கே இருக்கிறது, அப்படியானால் கட்டி இங்கே" என்று கணக்கிடும்.

இந்தப் பொருத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குறியின் சாய்வை 2 டிகிரி தப்பாகப் படித்தால், 10 செ.மீ. உள்ளே போன ஊசி முனையில் 3.5 மி.மீ. விலகல். வேணு சார் சொன்ன 3 மி.மீ. அங்கேயே போய்விட்டது.

இன்னொன்று, ஹோலோலென்ஸ் 2 படத்தைக் காட்டுவது சுமார் 2 மீட்டர் தூரத்தில் இருப்பது போல. டாக்டர் கை வேலை செய்வது அரை மீட்டரில். கண் எதில் குவியும்? கோடும் ஊசியும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது, ஆழம் பிடிபடாது. தோலுக்கு உள்ளே இருக்க வேண்டிய கோடு தோலுக்கு மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். வீடியோவில் கேமரா வழியாகப் பார்ப்பதால் எல்லாம் கச்சிதமாகத் தெரிகிறது.

நல்ல விஷயமும் இருக்கிறது. மானிட்டரைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டாம், கையுறையோடு எதையும் தொட வேண்டாம், சைகையும் குரலும் போதும். முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு எக்ஸ்விஷன் என்ற தலையில் மாட்டும் கருவிக்கு அமெரிக்காவில் 2019 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, டாக்டர்கள் அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள்.

காயத்ரி, ரெசிடென்ட்

பிரபு, முதுகெலும்பு எலும்பு. ஸ்கேனில் இருந்த வடிவத்தில்தான் மேஜையிலும் இருக்கும். இடுப்புக்குள் அப்படி இல்லை.

ரேடியேஷன் ஆன்காலஜி, அதாவது புற்றுநோய்க்கான கதிர்வீச்சு மருத்துவம் படிக்கிறேன், சொந்த ஊர் மதுரை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நோயாளி காலை நீட்டிப் படுத்திருப்பார். தியேட்டரில் முதுகில் மயக்க ஊசி போட்டு, இரண்டு காலையும் தூக்கித் தாங்கியில் வைப்போம். அந்த ஒரு அசைவிலேயே உள்ளே எல்லாம் இடம் மாறும். சிறுநீர்ப்பையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கர்ப்பப்பை சாயும். ஐந்து வாரக் கரண்ட்டில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியும் இருக்கும். ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேனை வைத்து வழி வரைந்தால் இல்லாத கட்டிக்கு வழி காட்டும்.

ஊசியும் நேராகப் போவதில்லை. முனை ஒரு பக்கம் சரிவாக இருந்தால் போகப் போக எதிர்ப்பக்கம் வளையும். தசையைத் தாண்டும்போது ஒரு மாதிரி "பொத்" என்று கை உணரும். கடினமான கட்டிக்குள் நுழையும்போது வேறு மாதிரி. சீனியர்கள் ஒரு கை விரலை உள்ளே வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஊசியைச் செலுத்துவார்கள். திரையில் அல்ட்ராசவுண்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஊசி வெள்ளைக் கோடாக இறங்குவது அந்த நொடியே தெரியும்.

ஆகவே என் கட்சி இது. நேற்றைய படத்தைக் காட்டும் கண்ணாடி எனக்கு வேண்டாம். இந்த நொடியின் அல்ட்ராசவுண்டை, அது எந்தத் தளத்தை வெட்டிக் காட்டுகிறதோ அதே இடத்தில் உடம்புக்குள் தெரியும்படி காட்டினால் கண்டிப்பாக வேண்டும். இப்போது உடம்பில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் புரோப் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். மூன்றையும் மனசுக்குள் சேர்ப்பதுதான் கற்றுக்கொள்ளவே கஷ்டமான பாகம்.

வேணு, அணுசக்தி நகர்

காயத்ரி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயில் இது ஏற்கெனவே நடந்த கதை. 1983இல் டென்மார்க்கில் ஹோமும் அவர் குழுவும் மலக்குடல் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் வயிற்றைத் திறந்து கையால் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இடத்தை அப்போதே கண்ணால் பார்க்க முடிந்ததுதான் அந்தச் சிகிச்சையை மாற்றியது. 5 மி.மீ. இடைவெளியில் துளை போட்ட பலகை, அதே கட்டங்கள் திரையிலும். கண்ணாடி இல்லாமலே கிட்டத்தட்ட அந்த வேலையை அது செய்கிறது.

மாட்டுங்கா மீனாட்சி

செல்வம் தம்பி, நான் இந்தச் சிகிச்சை எடுத்து வந்தவள். எனக்கும் கட்டி பக்கவாட்டில் படர்ந்திருந்தது, கீழே பலகை வைத்துத் தைத்து அதன் துளைகள் வழியாக ஊசிகள் வைத்தார்கள். அத்தைக்கு எந்த முறை என்று டாக்டரிடம் கேளுங்கள். வளையம் மாதிரிக் கருவியோடு சில ஊசிகள் மட்டும் என்றால் இவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருக்காது.

குத்துவது எதுவும் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது மட்டும் கேட்டது. கஷ்டம் அதற்கப்புறம்தான். ஊசிகள் உள்ளேயே இருக்க, காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சிறுநீருக்குக் குழாய். மலம் கழிக்காமல் இருக்கச் சாப்பாடு கஞ்சியும் ஜூஸும்தான். வலிக்கு முதுகுக் குழாயில் மருந்து போய்க்கொண்டே இருந்தது. முதுகுவலிதான் என்னைப் படுத்தியது. ஒரு சின்னத் தலையணையை இடுப்புக்குக் கீழே வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அனுமதித்தால் வைப்பார்கள்.

கதிர் கொடுக்கும்போது அறையில் நான் மட்டும். கேமராவில் பார்த்துக்கொண்டே மைக்கில் பேசினார்கள். முதலில் ஒரு வெறும் கம்பி போய் வழி அடைப்பில்லையா என்று பார்த்துவிட்டு வரும், அப்புறம்தான் நிஜமானது போகும் என்று ஃபிசிசிஸ்ட் பொண்ணு முன்கூட்டியே விளக்கியிருந்தாள். அதனால் சத்தம் கேட்டபோது பயமில்லை. மெல்லிய "டிக் டிக்" சத்தம், சில நிமிடம், அவ்வளவுதான். உடம்பில் எதுவும் உணரவில்லை. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் முதல் நாளே சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள். மைக்கில் ஹிந்தியில் ஏதோ சொல்கிறார்கள், அசையலாமா கூடாதா என்று புரியாமல் கிடப்பதுதான் பெரிய பயம்.

ஊசியை எடுக்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், அழுத்திப் பிடிப்பார்கள். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எஸ்தர், சயான் கோலிவாடா

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோரும் நன்றாக விளக்குகிறீர்கள், எனக்கு மனசு கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஒரு வருஷத்துக்கு 1,20,000க்கு மேல் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. மும்பை குடிசைப் பகுதிகளில் சுமார் 1,50,000 பெண்களை வைத்து டாட்டா மெமோரியல் நடத்திய ஆய்வில், பயிற்சி கொடுத்த சாதாரணப் பெண் ஊழியர்கள் கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவிப் பார்த்தே இந்த நோயால் சாவதை 31 சதவீதம் குறைத்தார்கள். 850 பெண்களிடம் அதே மருத்துவமனை நடத்தி 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், முற்றிய நிலையிலும் கரண்ட்டோடு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சேர்த்ததில் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 54 ஆனார்கள். இரண்டுமே விலை குறைந்தது. இரண்டுக்கும் பலன் எவ்வளவு என்று எண்ணிக் காட்டினார்கள்.

கண்ணாடிக்கு அப்படி எண்ணியது எங்கே? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பிராக்கிதெரபி மெஷின் இருந்தது, மயக்க மருந்து டாக்டர் கிடைக்காமல் கேஸ்கள் தள்ளிப்போகும். அந்தப் பெண்களுக்கு எட்டு வாரம் எப்போதோ தாண்டிவிடும். காசு வந்தால் முதலில் அங்கே போகட்டும்.

ஐரோலி பிரபு

எஸ்தர் அக்கா, அதை மறுக்கவில்லை. ஆனால் இது ஒரே பானைக் காசு இல்லை. ஹோலோலென்ஸ் 2 வந்தபோது விலை 3,500 டாலர், ஏறக்குறைய மூன்று லட்ச ரூபாய். பிராக்கிதெரபி மெஷின் கோடிக் கணக்கில். கண்ணாடி வாங்காவிட்டால் மிச்சமாகும் காசில் ஒரு மயக்க மருந்து டாக்டரின் சில மாதச் சம்பளம்கூட வராது.

வேணு, அணுசக்தி நகர்

பிரபு, கண்ணாடியின் விலை அதன் செலவில் சின்ன பாகம். மென்பொருள் இங்கே மருத்துவச் சாதன விதிகளுக்குள் வரும், அனுமதி வேண்டும். ஒவ்வொரு நாளும் பொருத்தம் சரியா என்று யாராவது சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது என் வேலையாகும். இரிடியத்தின் அரைவாழ்வு 74 நாள். மூலத்தை மாற்றும்போதெல்லாம் பலத்தை அளப்பது, தினசரி சோதனை எல்லாம் இருப்பதே ஒரு ஆள் வேலை. அதோடு நீங்கள் சொல்லும் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் 2027 கடைசி வரைதான். ஒரு மருத்துவமனை பத்து வருஷம் ஓட்டும் சிகிச்சையை அதன் மேல் எப்படிக் கட்டுவது?

ஐரோலி பிரபு

அது உண்மை சார், எங்கள் தொழிலிலேயே அது வலிக்கிறது. வேறு கண்ணாடிகள் இருக்கின்றன. ஆனால் ஆப்பிள் விஷன் புரோ, குவெஸ்ட் 3 மாதிரியானவை கேமரா வழியாக எடுத்த படத்தைக் கண்முன்னால் காட்டுகின்றன. சார்ஜ் போய் அணைந்தால் டாக்டருக்கு எல்லாம் இருட்டு. ஊசி பாதி இறங்கியிருக்கும்போது அதை நினைக்கவே முடியவில்லை. ஊடுருவிப் பார்க்கும் கண்ணாடி என்றால் அணைந்தாலும் கண் தெரியும்.

காயத்ரி, ரெசிடென்ட்

எஸ்தர் அக்காவின் வாதத்தைத்தான் நான் கண்ணாடிக்கு ஆதரவாகத் திருப்பப் போகிறேன்.

மெஷின் இருந்தும் ஊசி வைக்கத் தெரிந்த கை இல்லாத இடங்கள் நிறைய. குழாயும் வளையமும் வைப்பதைப் படிப்பு முடிவதற்குள் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். ஊசி வைக்கத் துணிகிறவர்கள் குறைவு, ஏனென்றால் பெரிய மையங்களுக்கு வெளியே அதைப் பார்த்துப் பழகும் வாய்ப்பே அபூர்வம். அப்படி இருக்கும்போது பக்கவாட்டில் படர்ந்த கட்டியோடு வரும் பெண்ணைப் பெரிய ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். அவர் ரயில் டிக்கெட், தாதரில் தங்க இடம், புதிய இடத்தில் நம்பர் என்று அலைவதற்குள் எட்டு வாரம் போய்விடுகிறது. செல்வத்தின் அத்தைக்குத் தாராவியில் அண்ணன் மகன் வீடு இருக்கிறது. எல்லோருக்கும் இல்லை.

பயிற்சி அறையில் பொம்மை இடுப்பு வைத்துக் கண்ணாடி மாட்டிப் பழகினால் எலும்பு எங்கே, சிறுநீர்ப்பை எங்கே, ஊசி எந்தக் கோணத்தில் போனால் எதைத் தொடும் என்று கண்ணாலேயே உள்ளே பார்த்துக் கற்கலாம். அங்கே கால் தூக்குவதும் இல்லை, சிறுநீர்ப்பை நிறைவதும் இல்லை. உள்ளே எல்லாம் இடம் மாறும் என்று நான் மேலே சொன்ன குறை பொம்மைக்குப் பொருந்தாது. வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பொம்மையில் செய்தவை என்று குறையாகச் சொல்வார்களே, பயிற்சிக்கு அதுதானே வேண்டும். நெல்லையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் ஒரு டாக்டர் இப்படிப் பழகி, அப்புறம் நிஜ நோயாளியிடம் சீனியர் பக்கத்தில் நிற்க, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டு ஊசி வைத்தால் பரேலுக்கு ஒரு ரயில் பயணம் மிச்சம்.

எஸ்தர், சயான் கோலிவாடா

பயிற்சிக்கு என்றால் நான் எதிர்க்க மாட்டேன் காயத்ரி. நோயாளி பில்லில் "மிக்ஸ்ட் ரியாலிட்டி கட்டணம்" என்று வரக்கூடாது. அதுதான் என் பயம். செல்வத்தின் மச்சானுக்கு வீடியோ வந்த வழியைப் பார்த்தால் அது விளம்பரம் மாதிரி இருக்கிறது.

தாராவி செல்வம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வேணு அண்ணாச்சி எழுதியதை மச்சானுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், தேதியை மாற்றவில்லை. மீனாட்சி அக்கா சொன்னதை அத்தையிடம் சொன்னதில் பாதி பயம் போய்விட்டது. டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்?

வேணு, அணுசக்தி நகர்

ஊசி வைக்கும்போது அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்களா, வைத்தபின் எடுப்பது சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக் ஊசியாக இருக்கும், எஃகு கூடாது. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சி.டி. மட்டும் என்றாலும் கவலை வேண்டாம், நம் நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான், நன்றாகவே செய்கிறார்கள். அடுத்தடுத்த தடவை கொடுப்பதற்கு முன் ஊசி நகர்ந்திருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று மறக்காமல் கேளுங்கள். மீதிக் கேள்விகளை விட எனக்கு முக்கியமானது அது.

ஐரோலி பிரபு

காயத்ரி, பயிற்சி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆபீஸில் ஒரு பழைய ஹோலோலென்ஸ் சும்மா கிடக்கிறது, கேட்டால் தருவார்கள். பொம்மைக்கு என்ன செய்வது? வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை அதிகம்.

காயத்ரி, ரெசிடென்ட்

நாமே செய்யலாம் பிரபு. ஜெலட்டினைக் கெட்டியாகக் காய்ச்சி அதில் இசப்கோல் கலந்தால் அல்ட்ராசவுண்டில் தசை மாதிரியே புள்ளி புள்ளியாகத் தெரியும். தண்ணீர் நிரப்பிய பலூன் சிறுநீர்ப்பை. கட்டிக்கு இசப்கோல் கூடுதலாகப் போட்ட கெட்டி உருண்டை. ஊசியும் பழைய பலகையும் எங்கள் துறையில் கேட்டுப் பார்க்கிறேன். வேணு சார், ஊசி வைத்தபின் சி.டி. எடுத்து முனை எவ்வளவு விலகியது என்று நீங்கள் அளந்து தருவீர்களா? கண்ணாடியோடு பாதிப் பேர், கண்ணாடி இல்லாமல் அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்து பாதிப் பேர். எஸ்தர் அக்கா கேட்ட எண்ணிக்கையை அப்படித்தான் தொடங்க முடியும்.

வேணு, அணுசக்தி நகர்

அளந்து தருகிறேன். முனை விலகலை மட்டும் எடுக்காதீர்கள், ஒவ்வொருவரும் ஊசியை எத்தனை தடவை வெளியே இழுத்து மறுபடி குத்தினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். நோயாளிக்கு ரத்தம் கசிவது அதில்தான். ஜெலட்டின் சி.டி. மேஜையில் உருகாமல் இருக்க முந்தின ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவாருங்கள்.